இரண்டரை, ஏழு, பதின்மூன்று: இந்த மூன்று வயதுகளிலும் உள்ள பிள்ளைகளை ஒரே பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாமா?

முத்தியால்பேட்டை அம்மா:
அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு 13 வயது, நடுவனுக்கு 7, கடைக்குட்டிக்கு இரண்டரை. ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மூவரையும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாம் என்று என் கணவர் சொல்கிறார். திருப்போரூருக்குப் பக்கத்தில் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லாவை அவர் மனத்தில் வைத்திருக்கிறார். மூத்தவளும் அதையேதான் கேட்கிறாள். முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. என்று நமக்குப் பழகிய இடங்கள் இருக்கும்போது புது இடத்துக்குப் போவானேன் என்பது என் மாமியாரின் கருத்து. அவரும் எங்களோடு வருகிறார். இதற்கிடையில் பாரிஸ் புறநகரில் இருக்கும் என் கொழுந்தனார், அடுத்த ஆண்டு ஜூன் மாதம் எல்லாரும் வாருங்கள், டிஸ்னிலேண்டுக்கு அழைத்துப் போகிறேன் என்கிறார். எந்த வயதுப் பிள்ளைக்கு எந்த இடம் பொருந்தும், யாருக்காக எதைத் தள்ளிப்போடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். "பிள்ளையைப் பொறுத்தது" என்ற பதிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதை உறவினர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

வில்லியனூர் தந்தை:
கடைக்குட்டியைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மற்ற இருவரோடு போய் வாருங்கள். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அன்று நடந்த எதுவும் பின்னாளில் நினைவில் இருக்காது. பெரியவர்கள் யாரைக் கேட்டாலும், மூன்று அல்லது மூன்றரை வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் சொல்ல முடிவதில்லை. காசு கொடுத்து உள்ளே போய், நாள் முழுவதும் தூக்கிச் சுமந்து, மாலையில் அழுகையோடு திரும்புவதில் யாருக்கு என்ன பயன்?

லாஸ்பேட்டை:
வில்லியனூர் நண்பர் சொல்லும் கணக்கின்படி பார்த்தால், அந்த வயதுப் பிள்ளைக்குக் கதை சொல்வதும் கடற்கரைக்கு அழைத்துப்போவதும்கூட வீண்தான். நினைவில் நிற்குமா என்பது எனக்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை. அந்தப் பிள்ளை அந்த நேரத்தில் மகிழ்ச்சியாக இருக்குமா, அதைவிட முக்கியமாக, அதனால் மற்ற இரண்டு பிள்ளைகளின் நாள் பாதியில் முறியுமா என்பதுதான் கேள்வி. இரண்டரை வயதில் வரிசையில் நிற்கும் பொறுமை இருக்காது. பகல் தூக்கம் தவறினால் பிற்பகல் முழுவதும் சிணுங்கல்தான். பொம்மை வேடமிட்டவர் அருகில் வந்தாலே சில பிள்ளைகள் அலறுகின்றன. அதே பிள்ளை நம் புதுச்சேரித் தாவரவியல் பூங்காவின் குட்டி ரயிலில் ஒரு சுற்றுப் போய்வந்தால் வாரம் முழுவதும் அதையே பேசிக்கொண்டிருக்கிறது. அதற்கு அந்த அளவே போதும். ஆனால் வீட்டில் விட்டுவிட்டுப் போவதற்கும் நான் எதிரானவள். அண்ணனும் அக்காவும் ஈரத் தலையோடு திரும்பிவருவதை அது பார்க்காமலா போகும்?

நெய்வேலி ஓய்வுப் பொறியாளர்:
சகோதரிக்கு ஒரு கேள்வி: நீங்கள் பிள்ளைகளின் வயதை எழுதியிருக்கிறீர்கள், உயரத்தை எழுதவில்லை. பூங்காவின் வாயிலிலும் ஒவ்வொரு சவாரியின் முகப்பிலும் அவர்கள் அளக்கப்போவது உயரத்தைத்தான். வொண்டர்லாவில் நுழைவுச்சீட்டே உயரத்தை வைத்துத்தான். 85 செ.மீ. உயரத்துக்குக் கீழ் என்றால் கட்டணம் இல்லை. 85 முதல் 140 செ.மீ. வரை சிறுவர் கட்டணம். அதற்கு மேல் பெரியவர் கட்டணம்.

உயரக் கட்டுப்பாடு ஏன் என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். "என் பையன் பயப்படவே மாட்டான், விடுங்கள்" என்று வாயிலில் நிற்கும் ஊழியரிடம் வாதாடும் தந்தைமார்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோட்டுக்கும் பயத்துக்கும் சம்பந்தமில்லை. மடியின் மேல் இறங்கும் தடுப்புக் கம்பியும், தோளின் மேல் இறங்கும் பாதுகாப்புச் சட்டமும் குறிப்பிட்ட உடல் அளவுக்காகச் செய்யப்பட்டவை. உடம்பு அந்த அளவை எட்டவில்லையென்றால், சட்டம் முழுவதுமாகப் பூட்டிக்கொண்ட பின்னும் உடலுக்கும் அதற்கும் இடையில் இடைவெளி இருக்கும். வண்டி மேலேறி இறங்கும் கணத்தில் இருக்கையை விட்டு உடம்பு எழும்பும் அல்லவா, அப்போது அந்த இடைவெளி வழியாகக் குழந்தை நழுவக்கூடும். கால் தரையிலோ மிதியிலோ பதியாத குழந்தைக்குத் தன்னை ஊன்றி நிறுத்திக்கொள்ளவும் வழியில்லை. ஆகவே ஓரிரு சென்டிமீட்டர் குறைவு என்றாலும் வாதாடாதீர்கள். தலைமுடியைத் தூக்கிக் கட்டியோ, தடித்த அடிக்காலணி போட்டோ உயரத்தைக் கூட்டிக் காட்டவே காட்டாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருவர் அல்லது மூவர் மடிக்கும் சேர்த்து ஒரே கம்பி இறங்கும் சவாரிகள் இன்னமும் பல இடங்களில் உண்டு. அந்தக் கம்பி பெரியவரின் தடித்த தொடையில் முட்டி நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது மடிக்கு ஒரு சாண் உயரத்தில் வெறுமனே நிற்கும். பெரியவர் கூட இருப்பது பாதுகாப்பு என்று நாம் நினைக்கும் இடத்தில், பெரியவர் கூட இருப்பதே ஆபத்தாக முடிகிறது. ஒத்த உடல்வாகு உள்ள பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பது நல்லது.

முத்தியால்பேட்டை அம்மா:
ஐயா, உங்கள் பதிலைப் படித்ததும் கதவருகே நிறுத்தி அளந்துவிட்டேன். மூத்தவள் 152, நடுவன் 118, சின்னவன் 88 செ.மீ. இருக்கிறார்கள்.

நெய்வேலி ஓய்வுப் பொறியாளர்:
அப்படியானால் சின்னவனுக்கும் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். ஆனால் அவன் ஏறக்கூடியவை குட்டிப் பிள்ளைகள் பகுதியில் உள்ள சிலவும், ஆழமில்லாத நீர் விளையாட்டுத் தொட்டியும்தான். மூத்தவள் எல்லாவற்றிலும் ஏறலாம். சிக்கல் நடுவனுடையது. 118 என்பது இரண்டும்கெட்டான் உயரம்; குட்டிகளுக்கான சவாரிகளில் அவனுக்குச் சலிப்பு வந்திருக்கும், பெரிய சவாரிகள் பலவற்றில் 120, 130, 140 என்று கோடு போட்டுத் தடுத்திருப்பார்கள். புறப்படுவதற்கு முன்பே பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு சவாரிக்கும் உள்ள உயர வரம்பைப் பார்த்து, அவனுக்கு உரியவற்றை அவனையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். வாயிலில் போய் ஏமாறுவதைவிட வீட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

மஞ்சக்குப்பம் ஆசிரியை:
பொறியாளர் ஐயா கடைசியாகச் சொன்னதை நான் பள்ளிச் சுற்றுலாவின் கோணத்திலிருந்து தொடர்கிறேன். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும்போது, ஒரே வயதுடையவர்களுக்குள் உயர வேறுபாடு மிகவும் அதிகம். வகுப்பே ஒரு சவாரியில் ஏறும்போது, உயரம் எட்டாத இரண்டு மூன்று பிள்ளைகளை மட்டும் ஊழியர் கையைப் பிடித்து விலக்கி நிறுத்துவார். அவர்கள் அழ மாட்டார்கள். வெளியே நின்று பைகளைக் காவல் காப்பார்கள். திரும்பிவரும் பேருந்தில்தான் கேலி தொடங்கும். ஆகவே நாங்கள் உடற்கல்வி ஆசிரியரைக் கொண்டு முன்கூட்டியே உயரம் அளந்து, வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் உயர வாரியாகக் குழு பிரிக்கிறோம். குள்ளமான பிள்ளைகள் இருக்கும் குழுவில் மனமுவந்து சேர்ந்துகொள்ளும் உயரமான பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லா வகுப்பிலும் அப்படி ஒருவராவது கிடைத்துவிடுகிறார்.

சராசரியாக ஒரு மீட்டர் உயரம் நான்கு வயதையொட்டியும், 120 செ.மீ. ஏழு வயதையொட்டியும் வரும். பள்ளி வயதில் ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர்வார்கள். உங்கள் நடுவனுக்கு 118 என்பது வயதுக்கு ஏற்ற வளர்த்திதான். அவன் காதில் விழும்படி "இன்னும் இரண்டு சென்டிமீட்டர் குறைகிறதே" என்று யாரும் அங்கலாய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டிகள் அதைச் சொல்லக்கூடியவர்கள்.

கோரிமேடு செவிலியர்:
குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் செவிலியராகச் சிலவற்றைச் சொல்கிறேன். முதலாவதாக, கத்திரி வெயில் காலத்தில் இரண்டரை வயதுப் பிள்ளையை நாள் முழுவதும் திறந்தவெளியில் வைத்திருக்காதீர்கள். சிறு குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட விரைவாகச் சூடேறும். தாகத்தை வாய்விட்டுச் சொல்லவும் அவர்களுக்குத் தெரியாது. நான்கைந்து மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடக்கிறது என்றால் விளையாட்டை நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். அப்படியும் தெளியவில்லையென்றால் பூங்காவின் முதலுதவி அறையைத் தேடிப்போகத் தயங்காதீர்கள். தண்ணீரில் நின்று விளையாடும் பிள்ளைக்கு நீரிழப்பு வராது என்று நினைப்பவர்கள் பலர். நீருக்குள் நின்றாலும் உடம்பு வறண்டு போகும்.

இரண்டாவது, அலைக்குளம். நீரில் மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்தாது. வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போனபின் குரல் எழுப்ப மூச்சு ஏது? அரை நிமிடம், ஒரு நிமிடம் என்ற கணக்கில் எல்லாம் சத்தமில்லாமல் முடிந்துவிடும், அதுவும் இருநூறு பேர் கூச்சலிடும் குளத்தின் நடுவில். உயிர்காப்பாளர் நிற்கிறார் என்பதற்காக நீங்கள் கைப்பேசியைப் பார்க்கக் கூடாது. நீச்சல் தெரியாத பிள்ளை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். காற்றடைத்த கைப்பட்டைகளை நம்பாதீர்கள். அவை விளையாட்டுப் பொருள்கள், நழுவிவிடும்.

மூன்றாவது, வாந்தி. கண் ஒன்றைப் பார்க்க, உள்காது வேறோர் அசைவை உணரும்போது குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை அரிது; அதன்பின் பன்னிரண்டு வயது வரை மிகுதி. உங்கள் நடுவன் ஏற்கெனவே கிழக்குக் கடற்கரைச் சாலைப் பயணத்தில் வாந்தி எடுப்பவனாக இருந்தால், வந்து இறங்கியதும் சுழலும் சவாரிகளில் ஏற்றாதீர்கள். சாப்பிட்ட கையோடும் வேண்டாம். இட்லி, வாழைப்பழம் என்று இலேசாகக் கொடுத்து, நீர் விளையாட்டைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வயது நிரம்பாத குழந்தையைக் குலுக்கி ஆட்டும் எதிலும் ஏற்றவே கூடாது. தலையின் எடையைத் தாங்கும் வலு கழுத்துத் தசைகளுக்கு இன்னும் வந்திருக்காது. வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளை, விளக்குகள் வெட்டி வெட்டி எரியும் இருட்டறைச் சவாரிகளில் மருத்துவரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். மாமியாருக்கு இரத்த அழுத்தமோ முதுகுவலியோ இருந்தால் அவருக்கும் இதே விதிதான். ஆசைக்கு வயதில்லை என்று சொல்லிக்கொண்டு ரோலர் கோஸ்டரில் ஏறிவிட்டுக் கழுத்துப் பட்டையோடு வரும் தாத்தாக்களை எங்கள் பக்கத்துப் பிரிவில் பார்க்க முடிகிறது.

முத்தியால்பேட்டை அம்மா:
மிகவும் நன்றி, சிஸ்டர். மூத்தவளைப் பற்றியும் கேட்க வேண்டும். அவள் தன் தோழி ஒருத்தியையும் அழைத்து வரலாமா என்கிறாள். அங்கே போனதும் இருவரும் தனியாகச் சுற்றுவார்களாம். அவள் அப்பாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. குடும்பமாகப் போகிறோம், குடும்பமாகவே இருப்போம் என்கிறார்.

செம்மண்டலம் அக்கா:
தங்கையே, தோழியை அழைத்து வரச் சொல்லுங்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணை நாள் முழுவதும் தம்பியின் குட்டி ரயிலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தால், அவள் முகம் தூக்கி வைத்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்தே உங்கள் நாள் போய்விடும். என் இரண்டு பெண்களையும் அந்த வயதைக் கடக்க வைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பூங்காவில் கிடைக்கும் பெரிய இன்பம் சவாரி இல்லை; எந்த வரிசையில் நிற்பது என்பதைத் தாங்களே முடிவு செய்வதுதான். சுற்றிலும் மதில், ஒரே வாயில், எங்கும் ஊழியர்கள் என்று இருக்கும் பூங்கா, அந்தச் சுதந்திரத்தை முதன்முதலாகக் கொடுத்துப் பார்க்கப் பாண்டி கடற்கரைச் சாலையைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் கட்டுப்பாடு வேண்டும். இருவரும் பிரியக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்கும் மாலை நான்கு மணிக்கும் குறித்த இடத்தில் வந்து நிற்க வேண்டும். நீர்ப் பகுதியில் கைப்பேசி லாக்கருக்குள் போய்விடும் என்பதால், "ஃபோன் செய்கிறேன்" என்ற ஏற்பாடு அங்கே செல்லாது. மணிக்கூண்டோ உணவகமோ ஓர் இடத்தைச் சொல்லிவைத்துவிடுங்கள், இருவரில் ஒருத்தியாவது கைக்கடிகாரம் கட்டியிருக்கட்டும். யாராவது தொந்தரவு செய்தால், ஏன் அந்தப் பக்கம் போனாய் என்று திட்ட மாட்டோம் என்பதை முன்னதாகவே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் பிள்ளைகள் நம்மிடம் சொல்லவே மாட்டார்கள்.

மாதவிடாய் நாள்களையும் கணக்கில் கொண்டு தேதியை அவளிடமே கேட்டுக் குறியுங்கள். அப்பாவும் பாட்டியும் இருக்கும்போது சொல்லத் தயங்கிக்கொண்டு, தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. உடையும் அப்படித்தான். நீர்ச் சறுக்குகளில் பருத்தித் துணியை அனுமதிப்பதில்லை. அது நீரைக் குடித்துக் கனத்துவிடும், சறுக்கில் பிடிக்கும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். நைலான், பாலியெஸ்டர் உடைகள்தான் வேண்டும். முழங்கால் வரை மூடும் நீச்சல் உடைகளைப் பாண்டியிலேயே வாங்கிவிடுங்கள். பூங்கா வாசலில் வாங்கினால் விலையும் கூடுதல், அளவும் சரியாக அமையாது. சின்னவனுக்கு நீச்சலுக்கென்றே விற்கும் டயப்பர் வேண்டும். சாதாரண டயப்பர் நீரில் ஊறிக் கனத்துத் தொங்கிவிடும்.

வில்லியனூர் தந்தை:
சின்னவனைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. இருந்தாலும் போவதென்று முடிவெடுத்தால் நாளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நமக்கு மட்டும் இரண்டு விடுமுறைகள் உண்டு: ஆகஸ்ட் 16, நவம்பர் 1. புதுச்சேரியில் பள்ளியும் அலுவலகமும் மூடியிருக்கும். தமிழ்நாட்டுக்கு அது வேலை நாள். வார நாளில் அது வந்தால் சென்னைப் பக்கத்துப் பூங்காக்களில் வரிசை குறைவு. ஆகஸ்ட் 16 சுதந்திர தினத்தை ஒட்டி வருவதால் நீண்ட விடுமுறைக் கூட்டம் இருக்கக்கூடும். நவம்பர் 1 எங்கள் வீட்டுக்கு உகந்த நாள்.

லாஸ்பேட்டை:
நவம்பர் 1 என்றால் வடகிழக்குப் பருவமழையின் நடுவில் அல்லவா போய் நிற்போம்? இடி மின்னல் வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். பொங்கல் விடுமுறை முடிந்தபின் வரும் சனவரிக் கடைசி, பிப்ரவரி வார நாள்கள்தான் வெயிலும் மழையும் இல்லாத நாள்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் வானம் இடிந்து விழாது என்பதை ஆசிரியை அம்மா மன்னிப்பாராக.

மஞ்சக்குப்பம் ஆசிரியை:
பிப்ரவரியில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இல்லாத வீடாக இருந்தால் மன்னிக்கிறேன்.

தேவனாம்பட்டினம்:
இவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. மாசி மகத்துக்கும், ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவுக்கும் போடும் ராட்டினங்களில்தான் நாமெல்லாம் ஏறி வளர்ந்தோம். குடை ராட்டினம், கொலம்பஸ் படகு, டாஷிங் கார், மரணக் கிணறு என்று எல்லாம் இருக்கும். அந்தந்தச் சவாரிக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். பிள்ளை அழுதால் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஏழு வயதுப் பையனுக்கு அங்கே ஒத்திகை பார்த்துவிட்டு, எது பிடிக்கிறது, எதில் வயிறு கலங்குகிறது என்று தெரிந்துகொண்டு பூங்காவுக்குப் போகலாமே?

நெய்வேலி ஓய்வுப் பொறியாளர்:
தேவனாம்பட்டினம் நண்பரின் யோசனையில் நியாயம் இருக்கிறது. பிள்ளையின் விருப்பத்தை அறிய அது நல்ல வழி. ஆனால் திருவிழா ராட்டினங்கள் ஊர் ஊராகக் கழற்றி மாட்டப்படுபவை; ஒவ்வொரு முறையும் அவற்றின் உறுதி, அன்று மாட்டியவரின் கவனத்தில் இருக்கிறது. ஏறுவதற்கு முன் ஒரு சுற்று நின்று பாருங்கள். அடித்தளம் மணலில் நேரடியாக நிற்கிறதா, அகலமான மரக்கட்டைகளின் மேல் சமமாக நிற்கிறதா? இருக்கைக் கதவின் கொண்டிக்குக் குறுக்கே ஊசி போட்டிருக்கிறார்களா, கம்பியால் சுற்றிக் கட்டியிருக்கிறார்களா? மின்கம்பி ஈரத்தரையில் கிடக்கிறதா? சுற்றும்போது தூண் ஆடுகிறதா? இவற்றில் ஒன்று சரியில்லையென்றாலும் பிள்ளைக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக்கொடுத்து அழைத்து வந்துவிடுங்கள். கடற்காற்று பலமாக அடிக்கும் மாலையில் பெரிய ராட்டினம் வேண்டவே வேண்டாம்.

கொலம்பஸ் படகில் ஏறினால் நடு இருக்கையில் உட்கார வையுங்கள். படகு ஊசலாடும்போது இரு முனைகளும் அதிக உயரத்துக்குப் போகின்றன. வயிறு காலியாகிப் போனதுபோன்ற உணர்வு அங்கேதான் மிகுதி. நடுவில் அது குறைவு. ரோலர் கோஸ்டரிலும் இருக்கையைப் பொறுத்து அனுபவம் மாறும்: முன்பெட்டி இறக்கத்தைத் தொடும்போது மெதுவாகத்தான் போகும், அதன் எடை இழுக்க, கடைசிப் பெட்டி உச்சியைக் கடக்கும்போது வேகம் கூடியிருக்கும். பின்னால் உட்கார்ந்தவர்தான் அதிகம் தூக்கி எறியப்படுவதுபோல் உணர்வார். முதன்முறை ஏறும் பிள்ளைக்குப் பெட்டிகளின் நடுப்பகுதி ஏற்றது. உங்கள் மூத்த பெண் கடைசிப் பெட்டியைக் கேட்டு வாங்கட்டும்.

கடலூர் முதுநகர்:
இதுவரை யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன், சொல்கிறேன் என்று இரண்டுமாக எடுத்துக்கொள்ளுங்கள். என் மகனுக்கு ஒன்பது வயது; ஆட்டிசம் உள்ளவன். உயரம் 130 செ.மீ.; அவனைத் தடுக்கும் கோடுகள் குறைவு. ஆனால் அவனுக்கு ஒலிபெருக்கிப் பாட்டும், கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலும் தாங்க முடியாதவை. சுழலும் சவாரிகள் மட்டும் அவனுக்கு மிகவும் பிடிக்கும். எத்தனை சுற்று என்றாலும் தலை சுற்றாது. நாங்கள் காதை மூடும் ஒலித்தடுப்பான் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். போவதற்கு முன் பல நாள்களாக அந்தப் பூங்காவின் காணொளிகளைக் காட்டி, முதலில் வாயில், பிறகு லாக்கர், பிறகு இன்னது என்று வரிசையாகப் படம் ஒட்டிக் காட்டுவோம். வார நாளில், வாயில் திறக்கும்போதே போய், கூட்டம் பெருகும் நேரத்தில் வெளியேறிவிடுவோம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்து, சலுகையும் தனி வழியும் உண்டா என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது வழக்கம். வாயிலில் நின்று விளக்குவதற்குள் அவன் பொறுமை தீர்ந்துவிடும். காசு முழுதாகக் கொடுத்துவிட்டு மூன்று மணி நேரத்தில் திரும்புகிறீர்களே என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அவனுக்கு மூன்று மணி நேரம்தான் முழு நாள். கூட்டத்தில் பிரிந்தால் பெயர் சொல்லத் தெரியாத பிள்ளை என்பதால், என் தொலைபேசி எண்ணைக் கைப்பட்டையில் எழுதிவிடுவதோடு, அன்றைய உடையில் வாயிலிலேயே ஒரு படமும் எடுத்துக்கொள்கிறோம். இது இரண்டரை வயதுப் பிள்ளைக்கும் பொருந்தும்.

உப்பளத்துப் பாரிஸ்வாசி:
சகோதரியின் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். ஊர் உப்பளம், நாங்களும் பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். ஊரிலிருந்து கோடையில் வரும் உறவினர் பிள்ளைகளையெல்லாம் டிஸ்னிலேண்டுக்கு அழைத்துப்போவது எங்கள் வீட்டின் கடமைகளில் ஒன்றாகிவிட்டது.

இங்கே நுழைவுக் கட்டணம் வயதை வைத்து. மூன்று வயதுக்குக் கீழ் இலவசம். 3 முதல் 11 வரை சிறுவர். 12 முதல் பெரியவர். அடுத்த ஆண்டு ஜூனில் உங்கள் சின்னவன் மூன்றைத் தாண்டியிருப்பான், மூத்தவள் பெரியவர் கணக்கில் வருவாள். ஆனால் உள்ளே போனபின் இங்கும் உயரம்தான் பேசும். பிக் தண்டர் மவுண்டன் என்னும் சுரங்க ரயிலுக்கு 1.02 மீட்டர், விண்வெளி ரோலர் கோஸ்டருக்கு 1.20, இண்டியானா ஜோன்ஸ் கோஸ்டருக்கு 1.40. ஆசிரியை சொன்ன வளர்ச்சிக் கணக்கின்படி உங்கள் நடுவன் அதற்குள் 1.20ஐக் கடந்துவிடுவான், அதாவது இள்ளலூரில் இந்த ஆண்டு அவனுக்கு மறுக்கப்படும் அளவு இங்கே அவனுக்குத் திறந்திருக்கும். சின்னவன் 1.02ஐத் தொட மாட்டான். ஆனால் பறக்கும் யானை, குதிரை ராட்டினம், படகில் போய்ப் பொம்மைகளைப் பார்ப்பது என உயர வரம்பே இல்லாதவை இங்கு நிறைய உண்டு. மூன்றரை வயதுக்கு இந்த இடம் பொருந்துவது அதனால்தான். ஃபாண்டம் மேனர் என்னும் பேய் மாளிகைக்கும் உயர வரம்பு இல்லை. அதற்காக அவனை உள்ளே கொண்டுபோய்விடாதீர்கள், இரவெல்லாம் உங்கள் கொழுந்தனார் தூங்க முடியாது.

உங்களைப் போன்ற குடும்பத்துக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. தந்தை பெரிய பிள்ளைகளோடு சவாரியில் ஏற, தாய் சின்னக் குழந்தையோடு வெளியே நிற்பார். அவர்கள் இறங்கியதும் தாய் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். பேபி ஸ்விட்ச் என்று ஊழியரிடம் கேளுங்கள். ஜூன் நடுவில் வார நாளாகப் பார்த்து வாருங்கள். சூலைத் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் கூட்டம் தாங்காது. ஆர்.இ.ஆர். ஆ என்னும் புறநகர் ரயில் தடத்தில் மார்ன் லா வாலே செஸ்ஸி என்ற கடைசி நிலையத்தில் இறங்கினால் வாயில் எதிரிலேயே இருக்கிறது. இரண்டு பூங்காக்கள் உண்டு. சின்னவன் இருக்கும்போது ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்று கொழுந்தனார் ஆசைப்பட்டால் சம்மதிக்காதீர்கள். ஜூனிலும் மழையும் குளிரும் உண்டு. சின்னவனுக்கு ஒரு மேலங்கி எடுத்து வாருங்கள். தள்ளுவண்டி கட்டாயம், நம் ஊரில் மூன்றரை வயதுப் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்தால் சிரிப்பார்கள், இங்கே ஐந்து வயதுப் பிள்ளையும் அதில் தூங்குவதைப் பார்க்கலாம்.

முத்தியால்பேட்டை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இள்ளலூருக்கு இந்தக் கோடையில் மூத்தவளும் அவள் தோழியும் அவள் அப்பாவோடு போகிறார்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு வார நாளில், விடியற்காலையில் கிளம்பி மரக்காணம், மாமல்லபுரம் வழியாகச் செல்வதாகத் திட்டம். அவரும் "குடும்பமாகவே இருப்போம்" என்பதைக் கைவிட்டு, நான்கு மணிக்கு உணவகத்தில் சந்திப்பது என்பதற்கு இறங்கி வந்திருக்கிறார். நடுவன் 120ஐத் தாண்டியபின் அவனுக்கென்று தனியாக ஒரு நாள் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். அதுவரை ஆடித் திருவிழா ராட்டினம், அதுவும் பொறியாளர் ஐயா சொன்ன சோதனைகளுக்குப் பிறகு. சின்னவனுக்குத் தாவரவியல் பூங்கா ரயிலும், அதன்பின் நேராகப் பாரிஸும். மாமியார் மட்டும் இன்னும் வி.ஜி.பி.யில் சிலைபோல் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். மூத்தவளோடு வரும் தோழியின் உயரம் 138 செ.மீ. என்று இன்றுதான் தெரிந்தது.

நெய்வேலி ஓய்வுப் பொறியாளர்:
அப்படியானால் அந்தப் பெண்ணுக்குச் சிறுவர் சீட்டு வாங்கலாம். பெரிய சவாரிகளில் சிலவற்றுக்கு மட்டும் விட மாட்டார்கள். அதை இருவரிடமும் வண்டி ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். 140 செ.மீ. கேட்கும் சவாரிகளில் உங்கள் பெண் அவள் அப்பாவோடு ஏறட்டும். தோழி இறங்கும் வழியில் காத்திருக்கட்டும், அல்லது உங்கள் பெண்ணே அவற்றை விட்டுவிடுவதென்று முடிவு செய்யட்டும். அதை அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். நாம் நடுவில் போக வேண்டியதில்லை.